பதினான்கு வாங்கினேன், இரண்டு மிஞ்சின: என் ப்ரோமிலியாட் அனுபவம்

2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குஸ்மேனியா என்னும் ப்ரோமிலியாட் செடிகள் நான்கைத் தொட்டியிலிருந்து பிடுங்கி, கறுப்புப் பையில் கட்டி, தெருவுக்கு வந்த குப்பை வண்டியில் போட்டேன். செத்துவிட்டன என்று நினைத்துத்தான் போட்டேன். அவை சாகவில்லை. காய்ந்த இலைகளுக்கு அடியில் கன்றுகள் இருந்திருக்கும் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு செடிக்காக இப்படியா என்று சிலர் நினைக்கலாம். ப்ரோமிலியாட் என்னும் அலங்காரச் செடி ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, அது ஏன் வாடுகிறது என்று புரியாமல் தினமும் அதன் முன்னால் நிற்பவர்களுக்குப் புரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அப்படி நின்ற ஒன்றரை வருடத்தில் எனக்குச் சரியாகச் சொல்ல ஒருவர்கூட இல்லை.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. 2022 அக்டோபரில் அம்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் இருக்கவே பிடிக்காமல் ஒரு நாள் நர்சரிக்குப் போனேன். அங்கே பச்சை இலைகளுக்கு நடுவே குங்குமச் சிவப்பில் ஒன்று நிமிர்ந்து நின்றது. குஸ்மேனியா, 550 ரூபாய். "தினமும் தண்ணி ஊத்துங்க மேடம், வெயில் படுற இடமா வைங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றார்கள். அந்தச் சிவப்பு மூன்று மாதம் அப்படியே இருந்ததும் எனக்குப் பித்துப் பிடித்தது. மார்ச் மாதத்துக்குள் ஏழு குஸ்மேனியா, நான்கு நியோரிஜீலியா, ஒரு வ்ரீசியா, ஒரு கிரிப்டாந்தஸ், வெள்ளிப் பூச்சு இலையோடு ஒரு ஏக்மியா என்று பதினான்கு ப்ரோமிலியாட்கள் சேர்ந்துவிட்டன. செடிகளுக்கு மட்டும் 8,500 ரூபாய். தொட்டி, மண், உரம், மருந்து என்று பிறகு 3,900. மொத்தம் 12,400 ரூபாய். என் கையிருப்புக்கு அது சின்னத் தொகை இல்லை.

முதல் தப்பு முதல் வாரத்திலேயே நடந்தது. நர்சரிக்காரர்கள் தந்த பிளாஸ்டிக் தொட்டி சின்னதாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, பெரிய தொட்டிக்கு மாற்றினேன். செம்மண், தொழுவுரம், தேங்காய்நார்க் கழிவுத் தூள் மூன்றையும் கலந்து அமுக்கி வைத்தேன். அம்மா ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் அப்படித்தான் செய்வார். ஜனவரியில் கீழ் இலைகள் பழுப்பாகின. செடி தொட்டியில் ஆட ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு நாள் லேசாகத் தூக்கியதும் செடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று ஒன்றும் இல்லை, கறுத்துக் கூழாகியிருந்தது. இரண்டு குஸ்மேனியாவும் அந்த வ்ரீசியாவும் இப்படிப் போயின.

இந்தச் செடி யார் என்பதை முதலில் தெரிந்துகொண்டிருந்தால் அந்த மூன்றும் பிழைத்திருக்கும். இது அன்னாசியின் குடும்பம். இந்தக் குடும்பத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரே ஒரு இனத்தைத் தவிர எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. அன்னாசி தரையில் வளரும். ஆனால் நாம் அழகுக்கு வளர்க்கும் குஸ்மேனியா, வ்ரீசியா, ஏக்மியா எல்லாம் பெரும்பாலும் காட்டு மரங்களின் கிளையில் தொற்றி வாழ்பவை. மரத்தை அவை உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். வேரின் முக்கிய வேலையே பிடித்துக்கொள்வது. சாப்பாடும் தண்ணீரும் இலை வழியாக. இலைகளின் அடிப்பாகம் ஒன்றோடொன்று இறுகி நடுவில் ஒரு கிண்ணம் உண்டாகிறது. மழைநீர், விழுந்த சருகு, பூச்சி எல்லாம் அதில் தேங்கும். இலைமேல் கண்ணுக்குத் தெரியாத நுண்செதில்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். கிளையில் காற்றாடிக்கொண்டிருக்க வேண்டிய வேரை நான் ஈர மண்ணுக்குள் புதைத்து மூச்சை நிறுத்தியிருக்கிறேன்.

இப்போது நான் மண்ணே போடுவதில்லை. தேங்காய் மட்டையைக் கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக நறுக்கி, மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுகிறேன். மட்டையில் உப்பும் துவர்ப்பும் நிறைய இருக்கும். முதல் நாள் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இறங்கும். அதோடு அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுச் சில்லும் சரிபாதி. ஆர்க்கிட் வைக்கும், பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்தொட்டி, அதுவும் சின்னதாக. செடிக்குத் தொட்டி பொருந்தாமல் சின்னதாகத் தெரிந்தால் அதுதான் சரியான அளவு. கிரிப்டாந்தஸ் மட்டும் விதிவிலக்கு. அது காட்டிலும் தரையில் வளர்வது, கிண்ணமும் கிடையாது. அதற்குக் கொஞ்சம் ஈரம் தங்கும் கலவை வேண்டும்.

அடுத்து வெயில். "வெயில் படுற இடம்" என்ற சொல்லை நம்பி நியோரிஜீலியா நான்கையும் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். ஏப்ரல் வரை நடு இலைகள் சிவந்து அவ்வளவு அழகாக இருந்தன. அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒரே பிற்பகலில் இலைகளில் வெளிறிய திட்டுகள் விழுந்தன. மறுநாள் அவை காகிதம் போலக் காய்ந்தன. அந்தத் தழும்பு ஆறவே ஆறாது, அந்த இலை உதிரும்வரை இருக்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் கூடத்துக்குள் கொண்டுபோனேன். அங்கே வெளிச்சம் போதாமல் சிவப்பு போய்ப் பச்சையாக நீண்டு தொங்க ஆரம்பித்தன. இலையைத் தொட்டுப் பார்த்தாலே எவ்வளவு வெயில் தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தடித்து விறைப்பாக, ஓரத்தில் முள்ளோடு இருந்தால் வெளிச்சம் நிறைய வேண்டும். மெல்லிசாக, முள் இல்லாமல் வழவழவென்று இருந்தால் நிழல் வேண்டும். நியோரிஜீலியாவும் ஏக்மியாவும் முதல் வகை, குஸ்மேனியாவும் வ்ரீசியாவும் இரண்டாம் வகை. ஆனால் முதல் வகைக்கும் காலை வெயில்தான். சென்னையின் மேற்கு வெயில் எதற்குமே ஆகாது. ஐம்பது சதவீத நிழல் வலை கட்டிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஜூலையில் அந்தக் குப்பைப் பை. முதலில் வாங்கிய குஸ்மேனியா உட்பட நான்கின் சிவப்பு மங்கி, தண்டு பழுப்பாகி, இலை நுனிகள் காய்ந்தன. உரம் போட்டேன், இடம் மாற்றினேன், தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் கடைசி வாரங்களில் நான் என்ன செய்தும் நடக்காமல் போனது எல்லாம் அப்போது திரும்ப வந்தது. பார்க்க முடியாமல்தான் தூக்கிப் போட்டேன்.

செப்டம்பரில் நடந்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் பெண் ஊழியர் பால்கனிக்கு வந்து, பூந்தொட்டித் தட்டுகளைப் பார்த்தார், பரவாயில்லை என்றார். பிறகு நியோரிஜீலியாவின் நடுவில் டார்ச் அடித்தார். "இங்க பாருங்க மேடம்" என்றார். தெளிந்த தண்ணீரில் புழுக்கள் வளைந்து வளைந்து மேலே வந்து போயின. ஏழு செடியில் ஐந்தில் இருந்தன. அதற்கு முந்தின வாரம்தான் எதிர்வீட்டுப் பையன் டெங்கு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தான். என் செடியில் பிறந்த கொசுதான் கடித்தது என்று யாரும் சொல்லவில்லை, அவன் அம்மாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதம் நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமலேயே லிப்டில் போய்வந்தேன்.

கிண்ணம் உள்ள ப்ரோமிலியாட் வளர்ப்பவர்கள் இதை மட்டுமாவது தயவுசெய்து விடாமல் செய்யுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை, இப்படிச் சின்ன இடத்தில் தேங்கும் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் நான்கு நாளைக்கு ஒருமுறை செடியைக் கவிழ்த்துக் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும். வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே இலைச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த தண்ணீரில் பொரியும். தோட்டக் குழாயால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, அதன் பிறகு புதுத் தண்ணீர் விடுகிறேன். புதன், ஞாயிறு என்று நாள் குறித்திருக்கிறேன். ஊருக்குப் போனால் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போவேன். பத்து நாள் கிண்ணம் காலியாக இருந்தால் செடி ஒன்றும் ஆகாது. மண்ணெண்ணெய் விடச் சொன்னவர்களும் வேப்பெண்ணெய் விடச் சொன்னவர்களும் உண்டு. வேண்டாம். எண்ணெய் படிந்தால் அந்த நுண்செதில்கள் அடைபட்டுவிடும். பி.டி.ஐ. என்று ஒரு பாக்டீரியா மருந்து இருக்கிறது, கொசுப்புழுவைக் கொல்லும், செடிக்கு ஆபத்தில்லை.

அடுத்த மாதம் நான் செய்த காரியம்தான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். அக்டோபரில் கடைசிக் குஸ்மேனியாவின் நடு இலை லேசாக இழுத்ததும் உருவிக்கொண்டு வந்தது. அடிமுனை பழுப்பாக, அழுகிய முட்டைக்கோஸ் வாடை. குருத்தழுகல். உரக்கடையில் காட்டினேன். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பொட்டலம் தந்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, வாழைக்கும் தென்னைக்கும் தக்காளிக்கும் நம் ஊரில் கைகண்ட மருந்து அது. பச்சையும் நீலமுமாக ஒரு பொடி. நோய் மற்றதற்கும் பரவக்கூடாதே என்று லிட்டருக்கு மூன்று கிராம் கரைத்து, செடி செடியாகக் கிண்ணம் நிறைய ஊற்றினேன். ஊற்றும்போது மனசுக்கு நிறைவாக இருந்தது, இந்தத் தடவை தாமதிக்காமல் செய்துவிட்டோம் என்று. நான்காம் நாள் நியோரிஜீலியாக்களின் நடுச் சிவப்பு சாம்பல் கலந்த பழுப்பாகியது. ஆறாம் நாள் இலை நுனிகள் கருகிச் சுருண்டன. பத்தாம் நாள் குருத்து தொட்டதும் வந்தது. மூன்று வாரத்தில் மூன்று நியோரிஜீலியா, கிரிப்டாந்தஸ், அந்தக் குஸ்மேனியா ஐந்தும் போயின. ஏக்மியாவுக்கும் ஒரு நியோரிஜீலியாவுக்கும் மருந்து போதாமல் மறுநாள் ஊற்றலாம் என்று விட்டிருந்தேன். மறந்துபோனேன். அதனால் அவை இரண்டும் இருந்தன.

ப்ரோமிலியாடுக்குத் தாமிரம் விஷம். இதை நான் பிற்பாடு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன், அதற்குள் ஐந்து செடி போய்விட்டது. மற்றச் செடியில் தெளித்தால் மருந்து இலைமேல் படியும், மிச்சம் வழிந்துவிடும். இதிலோ கிண்ணத்தில் தேங்கி நிற்கும், இலையோ தேங்கியதை உறிஞ்சவே உண்டானது. தாமிரம் சேர்ந்த போர்டோ கலவையும் கூடாது. செம்புக் கம்பியால் கட்டக்கூடாது, துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம். அதே காரணத்துக்காக ஏசியிலிருந்து வடியும் தண்ணீரையும் நான் இவற்றுக்கு ஊற்றுவதில்லை. அதில் உப்பு இல்லை என்பது உண்மைதான், ஆனால் உள்ளே செம்புக் குளிர்ச் சுருளின் மேல் வடிந்து வருகிறது. அது குரோட்டனுக்குப் போகிறது. குருத்தழுகல் வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அழுகியதை உருவி எறிந்து, கிண்ணத்தை நல்ல தண்ணீரில் கழுவி, செடியைத் தலைகீழாக இரண்டு நாள் நிழலில் காற்றாட வைப்பது. குருத்து திரும்ப வராது. ஆனால் அடி கெட்டியாக இருந்தால் பக்கத்திலிருந்து கன்று வரும்.

மிஞ்சிய இரண்டையும் நான் கவனிக்கவே இல்லை, மனசு விட்டுப்போயிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மடிப்பாக்கம் தெருவெல்லாம் தண்ணீர், எங்களுக்கு மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. பால்கனியில் சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு காலையில் பார்க்கிறேன், ஏக்மியாவின் இலைகளில் மாதக்கணக்கில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு கரைந்து, வெள்ளிப் பட்டைகள் துலக்கிய குத்துவிளக்கு போல இருந்தன. நியோரிஜீலியா நடுவில் புதிதாக இரண்டு இலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் ஊற்றிக்கொண்டிருந்தது போர்வெல் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கிப் பார்த்தேன். எங்கள் போர்வெல் 1,350. பிடித்து வைத்த மழைநீர் 20. வாளியில் வெள்ளைக் கறை விடும் தண்ணீர், இலைக் கிண்ணத்தில் வற்றி வற்றி என்ன செய்யும் என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது மழைநீரை 200 லிட்டர் பீப்பாயில் வலை கட்டி மூடி வைக்கிறேன். அது தீர்ந்தால் ஆர்.ஓ. சுத்திகரித்த தண்ணீர். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடுவது நல்ல பழக்கம் என்று பலர் சொல்வார்கள், இந்தச் செடிக்கு மட்டும் வேண்டாம், அதில்தான் உப்பெல்லாம் திரண்டிருக்கிறது.

2024 பொங்கலுக்கு அத்தை வந்தார். என் கணவரின் ஊர் சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரம். அத்தை பால்கனியில் காபியோடு உட்கார்ந்தவர் ஏக்மியாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, இது அன்னாசிச் செடியாட்டமல்ல இருக்குது?"

"அந்தக் குடும்பம்தானுங்க அத்தை. நிறைய வெச்சிருந்தேன், எல்லாம் போயிடுச்சு. பூத்தது பூத்த மாதிரியே காஞ்சிடுச்சு."

"பூத்தா காயத்தானே செய்யும்? அன்னாசி ஒருக்காத்தான் காய்க்கும், அப்பறம் பக்கக்கன்னுதான். வாழையாட்டந்தான். நீ அடியில பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வாழை குலை தள்ளியதும் தாய்மரம் போகும், பக்கக்கன்று நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? அலங்காரச் செடி என்றதும் அது வேறு உலகத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிட்டேன். ப்ரோமிலியாடின் ஒரு தலை ஒருமுறைதான் பூக்கும். நர்சரியில் நாம் பார்த்து மயங்குவது அந்தக் கடைசிப் பூவைத்தான். அதிலும் நாம் பூ என்று சொல்லும் சிவப்பு, காகிதப்பூவில் போலவே, நிறமேறிய இலைதான். உண்மைப் பூ அதற்குள் சின்னதாக வந்து ஓரிரு நாளில் போய்விடும். நிறம் சில மாதம் நிற்கும். பிறகு தாய் ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம்கூட எடுத்துக்கொண்டு மெதுவாகக் காயும். காய்கிற அந்தக் காலத்தில்தான் தன்னிடம் இருப்பதையெல்லாம் கன்றுகளுக்குக் கொடுக்கிறது. நிறம் போனதும் பூத்தண்டை மட்டும் அடியோடு வெட்டிவிட்டு, இலை பச்சையாக இருக்கும்வரை தாயை விட்டுவைக்க வேண்டும்.

அத்தை அன்றைக்கே ஏக்மியாவின் அடி இலைகளை விலக்கிக் காட்டினார். கட்டைவிரல் உயரத்தில் ஒன்று, அதற்குப் பின்னால் மொட்டு போல இன்னொன்று. உடனே பிரிக்கத் துடித்த என் கையைத் தட்டிவிட்டார். கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வர வேண்டும், பாதி வந்தால் இன்னும் நல்லது. அவசரப்பட்டுப் பிரித்தால் காய்ந்துவிடும். நான் ஆகஸ்ட் வரை காத்திருந்தேன். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, தாயோடு ஒட்டும் இடத்தில் வெட்டி, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் வைத்து, பிறகு மட்டைத் துண்டில் ஆடாமல் குச்சி கட்டி நிறுத்தினேன். ஆடினால் வேர் பிடிக்காது. வேர் வர ஏழு வாரம் ஆனது. ஆழமாகப் புதைக்காதீர்கள், அடி மட்டும் உட்கார்ந்தால் போதும். உரம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். கிண்ணத்தில் 19:19:19 உரம் போட்டு ஒருமுறை பாசி பிடித்து நாறியது. இப்போது வழக்கமான அளவில் கால் பங்கு, மாதம் ஒருமுறை, மட்டைத் துண்டின் மேல் மட்டும். நியோரிஜீலியாவுக்கு அதுவும் இல்லை, உரம் கூடினால் சிவப்பு போய்விடும். மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து எடுக்கிறேன்.

அந்த இரண்டு செடியிலிருந்து இன்றைக்குப் பதினொன்று இருக்கின்றன. எதிர்வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன், புதன் ஞாயிறு கழுவ வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்தப் பையனே கழுவுகிறானாம்.

கன்று பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். வளர்ந்த செடியைப் பூக்கவைக்க ஒரு வழி இருக்கிறது: பழுத்த பழம் விடும் எத்திலின் வாயு. அன்னாசித் தோட்டத்தில் எத்திலின் விடும் எத்ரல் மருந்தைத் தெளித்து ஒரே சமயத்தில் பூக்கவைப்பதும் அதே கணக்குதான். முதல் ஏக்மியாக் கன்று இப்போது தாயளவு வந்துவிட்டது. கிண்ணத்தைக் காலி செய்து, நன்றாகப் பழுத்த ஒரு ஆப்பிளைப் பக்கத்தில் வைத்து, பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் ஒரு வாரம் விட்டேன். வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். பையை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. புதன்கிழமை கழுவும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில், இலைகள் சேரும் இடத்தில், லேசாக இளஞ்சிவப்பு தெரிகிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்.